கத்திரி வெயிலில் இரண்டு டன் டிரெயிலர்: பலமநேரிலிருந்து ஒரு பிக்கப் அனுபவம்

ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவனுக்கு மே மாதத்தில் ஓய்வு கிடையாது. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதே மாதத்தில் குப்பத்தில் கங்கம்மா ஜாத்திரை, திருப்பதியில் தாதய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை. இடையிடையே கல்யாண முகூர்த்தங்கள். வெயில் எப்போது உச்சியில் நிற்கிறதோ அப்போதுதான் எங்கள் ஜெனரேட்டர்களுக்கும் கிராக்கி. ஆகவே கோடையில் பாரம் இழுப்பதைத் தவிர்த்துவிடுங்கள் என்று சொல்கிற நண்பர்களுக்கு நான் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

எங்கள் ஊர் பலமநேர், ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரம். மே மாதத்திலும் இரவில் விசிறி போதும். தொழில் நடப்பதோ பெரும்பாலும் கீழே: சித்தூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். அந்த மரமில்லாத மலைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவு வெகுநேரம் வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். நிழலில் 41, 42 டிகிரி என்று செய்தியில் சொல்லும் நாளில், தார்ச் சாலைக்கு ஒரு முழம் மேலே, அதாவது ரேடியேட்டர் இருக்கிற உயரத்தில், காற்று அதைவிடச் சூடாகவே இருக்கும். அந்தக் காற்றைக் கொண்டுதான் என்ஜினைக் குளிர்விக்க வேண்டும். பாரத்தோடு ஏற வேண்டிய பாதையும் அங்கேதான் தொடங்குகிறது.

வண்டியைப் பற்றி. 2.5 லிட்டர் டர்போ டீசல், ஐந்து கியர், நான்கு சக்கர இயக்கம், பி.எஸ்.4 புகைக் கட்டுப்பாட்டு விதிக் காலத்தில் வாங்கிய இரட்டைக் கேபின் பிக்கப். கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஆதரவு ஒரு பக்கம், எதிர்ப்பு ஒரு பக்கம் என்று பேச்சு வேறெங்கோ போய்விடும். நான் சொல்பவை இந்த வகை வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழப் பொருந்தும். பின்னால் இழுப்பது 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர், சத்தம் அடக்கும் பெட்டியோடு, இரட்டைச் சக்கர டிரெயிலரில். எடை மேடையில் ஏற்றினால் இரண்டு டன்னை ஒட்டி நிற்கும். வண்டியும் ஆட்களும் கேபிள் சுருள்களும் சேர்ந்து இன்னொரு இரண்டு டன். ஆக நான்கு டன் மலையேற வேண்டும்.

இந்த வேலைக்குக் குதிரைசக்தி பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குக் குதிரைசக்தி ஒருநாளும் போதாமல் போனதில்லை. போதாமல் போவது வெப்பத்தை வெளியே தள்ளும் திறன். கணக்கு எளிது. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், உள்ளே ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட்டுக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி, காற்று 30 டிகிரி என்றால் வித்தியாசம் 65. காற்று 43 டிகிரி ஆகிவிட்டால் வித்தியாசம் 52. அதே ரேடியேட்டர், அதே விசிறி, ஆனால் ஐந்தில் ஒரு பங்கு திறன் காணாமல் போய்விட்டது. இதற்கு மேல் ஏ.சி.யைப் போட்டால், ஏ.சி.யின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு தன் சூட்டையும் அந்தக் காற்றில் கலந்து அனுப்பும். அதனால் பத்து டிகிரி கூடுவதாக வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் 42தான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போயிற்று. மார்கழியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஏறிய அதே மலைப்பாதையில் சித்திரையில் ஏன் மூச்சு முட்டுகிறது என்பதற்கு இவ்வளவுதான் காரணம்.

சூடான காற்றில் என்ஜினுக்கும் கொஞ்சம் நட்டம் உண்டு. 25 டிகிரிக் காற்றைவிட 43 டிகிரிக் காற்று ஆறு சதவீதம் அடர்த்தி குறைந்தது. மேலே ஏற ஏற இன்னும் மெலியும். காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போ இதில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடுகிறது. ஓட்டுகிறவனுக்கு இது தெரிவது, இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போது இழுவை திரும்பி வரச் சற்றுத் தாமதமாகிறது என்பதில்தான்.

நான் அடிக்கடி இழுக்கும் வழி பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டாவுக்கு ஏறும் பத்தலப்பல்லி மலைப்பாதை. குடியாத்தத்திலிருந்து சைனகுண்டா வழியாகப் பலமநேருக்கு நேர்ச்சாலை இருக்கிறது, ஆனால் டிரெயிலரோடு எனக்கு அது பிடிப்பதில்லை. சித்தூர்ப் பக்கம் என்றால் பங்காருபாளையம் தாண்டி மொகிலி கணவாய். அகலமான சாலை, லாரிக்கூட்டம், விபத்துக்குப் பேர்போனது.

பத்தலப்பல்லியில் கொண்டை ஊசி வளைவுகள் வேகத்தைப் பிடுங்கிவிடும். வளைவில் 15 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி, மறுபடி 40க்கு ஏறி, மறுபடி இறங்க வேண்டும். முகப்பில் காற்று மோதாமல் என்ஜின் முழுப் பாரம் இழுக்கும் நேரம் இதுவே. இங்கே எந்தக் கியர் என்பதுதான் எல்லாம். எங்கள் பக்கத்தில் பழைய ஓட்டுநர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: பெரிய கியரில், குறைந்த சுற்றில், என்ஜின் அலறாமல் ஏறினால் வண்டி சூடாகாது என்று. நேர்மாறானது அது. தண்ணீர்ப் பம்பும் விசிறியும் என்ஜின் சுற்றோடு ஓடுகிறவை. நிமிடத்துக்கு 1,400 சுற்றில் மூன்றாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறினால் கூலன்ட் மெதுவாக ஓடும், விசிறி மெதுவாகச் சுழலும், ஒவ்வொரு எரிப்புக்கும் டீசல் அதிகமாகக் கொட்டும். இரண்டாம் கியருக்கு மாற்றி 2,300, 2,500 சுற்றில் வைத்தால் சத்தம் கூடும், ஆனால் வெப்பநிலை இறங்கும். சத்தத்தைக் கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பயப்படுவார். பயப்படட்டும்.

வேகத்தையும் பேச வேண்டும். ஆறு சதவீத ஏற்றத்தில் நான்கு டன்னை 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற அறுபது குதிரைசக்திக்கு மேல் தொடர்ந்து வேண்டும். 40 கிலோமீட்டரில் நாற்பதைச் சற்றுத் தாண்டினால் போதும். டீசல் என்ஜினில் சக்கரத்துக்குப் போகும் சக்திக்கு ஏறக்குறைய இணையான வெப்பம் கூலன்ட்டுக்குப் போகிறது. அப்படியென்றால் 60லிருந்து 40க்கு இறங்கும்போது ரேடியேட்டரின் சுமையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மலை முழுவதற்கும் சேர்த்து இழக்கிற நேரம் சில நிமிடங்கள். பின்னால் ஹாரன் அடிக்கும் கார்காரருக்கு இந்தக் கணக்கை விளக்க வழியில்லை என்பதால் இடம் கிடைக்கும் இடத்தில் ஒதுங்கி அவருக்கு வழி விட்டுவிடுகிறேன்.

அடுத்தது டாஷ்போர்டின் வெப்பமானி. அந்த முள்ளை நம்பி மலையேறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இப்போதைய வண்டிகளில் முள், கூலன்ட்டின் உண்மையான வெப்பநிலையைக் காட்டுவதில்லை. 80 டிகிரியைத் தாண்டியதும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். 105ஐ ஒட்டும் வரை அசையாது. பிறகு ஒரே தாவலில் சிவப்புக்குப் போகும். சிறு ஏற்ற இறக்கத்தைக் கண்டு வாடிக்கையாளர்கள் பதறக் கூடாது என்று செய்த ஏற்பாடு. பாரம் இழுப்பவருக்கு வேண்டியதோ அந்தச் சிறு ஏற்ற இறக்கம்தான். வண்டிக் கணினியின் எண்களைப் படிக்க உதவும் ஓ.பி.டி. துளையில் செருகும் சின்ன புளூடூத் கருவி ஒன்றை வாங்கிக் கைப்பேசியில் எண்ணைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன். சமவெளியில் 90ஐச் சுற்றி நிற்கும். பேரணாம்பட்டு தாண்டி ஏற்றம் தொடங்கும்போது 96, 97. மேல் வளைவுகளில் மத்தியான வெயிலில் 104 வரை போனதைப் பார்த்திருக்கிறேன். முள் அப்போதும் நடுவிலேயே சாதுவாக நிற்கிறது. நான் வைத்திருக்கும் எல்லை 103. தொட்டால் ஏ.சி.யை அணைப்பேன், ஒரு கியர் இறக்குவேன். அப்படியும் இறங்காவிட்டால் சமமான இடத்தில் நிறுத்துவேன், என்ஜினை அணைக்காமல். சூடான என்ஜினைச் சட்டென்று அணைத்தால் கூலன்ட் ஓட்டம் நின்று, தலைப்பகுதியில் இருக்கிற சூடு அங்கேயே தங்கிவிடும். டர்போவுக்கு எண்ணெயும் நின்றுவிடும். 1,200 சுற்றில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால் எண் தானாக இறங்கும்.

ஏ.சி.யை அணைப்பதில் வீட்டுச் சண்டை உண்டு. ஜெனரேட்டர் ஆபரேட்டர் எனக்கு மாமா முறை, அறுபதைத் தாண்டியவர். "மாப்பிள்ளை, வண்டிக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு ஏன் தண்டனை?" என்பார் ஒவ்வொரு முறையும். மலைப்பாதையின் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு ஈரத்துண்டும் மண்பானைத் தண்ணீர் நிரப்பிய குடுவையும் அவருக்காகவே வருகின்றன.

அமெரிக்கர்கள் இந்தச் சோதனையை முறைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே பிக்கப் எவ்வளவு இழுக்கும் என்று கம்பெனிகள் ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிப் போட்டி போட்ட காலம் இருந்தது. 2008ல் வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பு ஜே2807 என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதில் ஒரு பகுதி, அரிசோனா பாலைவனத்தில் டேவிஸ் அணைக்கருகில் தொடங்கும் ஏற்றம். 11.4 மைல், அதாவது 18 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சுமார் 900 மீட்டர் ஏற வேண்டும். அடிவாரத்தில் வெப்பம் குறைந்தது 100 பாரன்ஹீட், நம் கணக்கில் 38 டிகிரி இருக்க வேண்டும். ஏ.சி. முழு வேகத்தில் ஓட வேண்டும். பின்னால் முழுப்பாரம். பின்அச்சில் ஒற்றைச் சக்கரங்கள் கொண்ட பிக்கப் எந்த இடத்திலும் 40 மைல் வேகத்துக்குக் கீழே போகக் கூடாது. இவற்றைத் தாண்டிய எடையைத்தான் கம்பெனி தன் எண் என்று அறிவிக்கலாம். 2011 மாடல் டுன்ட்ரா பிக்கப்புக்கு இதை டொயோட்டா முதலில் ஏற்றுக்கொண்டது. மற்ற பெரிய கம்பெனிகள் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின.

38 டிகிரி அடிவாரம் என்பது பேரணாம்பட்டுக்காரர்களுக்கு மே மாதத்துக் காலை பத்து மணி. அந்த அமெரிக்க வண்டிகளில் 6.7 லிட்டர் டீசல்களும் உண்டு, நம் வண்டியின் ரேடியேட்டரை ஜேபியில் போட்டுக்கொண்டு போகிற அளவு ரேடியேட்டர் உள்ளவை என்பது வேறு விஷயம். நம்மிடம் உள்ள குறை அதுவன்று. இங்கே விற்கும் பிக்கப்களில் முதுகில் எவ்வளவு ஏற்றலாம் என்பது தெளிவாக இருக்கும். பின்னால் எவ்வளவு இழுக்கலாம் என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதே குடும்பத்து வண்டிகள் ஆஸ்திரேலியாவில் பிரேக் உள்ள டிரெயிலராக இருந்தால் 3.5 டன் வரை என்று அறிவிப்போடு விற்கின்றன. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இங்கே யாரும் துள்ள வேண்டாம். அங்கே விற்பது வேறு என்ஜின், வேறு ஸ்பிரிங், தொழிற்சாலையே வடிவமைத்த இணைப்புச் சட்டம். நம் ஊர் லேத் பட்டறையில் பற்றவைத்த டோ பாருக்கு அந்த எண் பொருந்தாது. நான் இரண்டு டன்னோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான்.

பராமரிப்பில் எனக்குப் பெரிய பாடம் ராகியும் கொள்ளும். எங்கள் பக்கத்தில் தை மாசி மாதங்களில் அறுவடை செய்த ராகிக் கதிரையும் கொள்ளுச் செடியையும் தார்ச் சாலையில் பரப்பிவிடுவார்கள்; போகிற வண்டிகள்தான் அவர்களுக்குப் போரடிக்கும் மாடுகள். அப்போது பறக்கும் பதரும் தூசும் முகப்பு வலை வழியாகப் போய், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள இரண்டு விரல் இடைவெளியில் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். கோடையில்தான் அதன் வேலையைக் காட்டும். பங்குனி பிறந்ததும் மேஸ்திரியிடம் விட்டுக் கண்டென்சரைத் தளர்த்தி, உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்து, பிறகு மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்கிறேன். முதல் முறை கழுவியபோது வெளியே வந்த குப்பை ஒரு முறத்தை நிறைத்தது. அதன்பிறகு அதே மலை, அதே பாரம், அதே வெயிலில் எண் நான்கைந்து டிகிரி குறைவாக நின்றது. வேறெந்தச் செலவும் இவ்வளவு பலன் தந்ததில்லை. வாட்டர் சர்வீஸ் கடையில் காரைக் கழுவும் அழுத்தத்தோடு நேராக அடிக்கவிடாதீர்கள். தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழியே அடைபட்டுவிடும். இன்னொன்று, கொள்ளுச் செடி நீளமாக இருப்பது. அடியில் சுழலும் தண்டில் சுற்றிக்கொண்டு, புகைக்குழாயின் சூட்டில் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. பரப்பியிருக்கும் சாலையைத் தாண்டியதும் இறங்கிக் குனிந்து பார்க்கிற பழக்கம் எங்களுக்கு இருக்கிறது.

முகப்பில் இரும்புக் கம்பிக் காப்பு மாட்டுகிறவர்களும் காற்றைத் தடுத்துக்கொள்கிறார்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்குத் தடை சொல்லிவிட்டது. இருந்தும் மாட்டுகிறார்கள்.

கூலன்ட் விஷயத்தில் எங்கள் ஊர்த் தண்ணீர்தான் எதிரி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே வெள்ளைப் படிவு ஏறி, அதுவே வெப்பத்துக்குப் போர்வை ஆகிவிடும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி, அவ்வளவுதான். ரேடியேட்டர் மூடியை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறத்தாழ ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் 120 வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் அந்த இருபது டிகிரிப் பாதுகாப்பும் போய்விடும். சில நூறு ரூபாய்ச் செலவு, இரண்டு கோடைக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். கூலன்ட் சூடானபின் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி சூடாகாது என்று ஒரு பட்டறையில் எனக்கு உபதேசம் நடந்தது. பல என்ஜின்களில் அதைக் கழற்றினால் ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் குறுக்குவழி திறந்தே கிடக்கும். கூலன்ட்டில் ஒரு பங்கு குளிராமலே என்ஜினுக்குத் திரும்பும். கழற்ற விடவில்லை.

டயர் பற்றி. காலையில் வண்டி கிளம்பும் முன், குளிர்ந்த நிலையில்தான் காற்று பார்க்க வேண்டும். வெயிலிலும் பாரத்திலும் ஓடிய டயரில் அழுத்தம் தானாக ஏறும். ஒவ்வொரு ஐந்தாறு டிகிரிக்கும் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. வழியில் பார்த்துவிட்டு அதிகமாக இருக்கிறதே என்று இறக்கினால், காற்றுக் குறைந்த டயர் இன்னும் அதிகமாக மடங்கி இன்னும் அதிகமாகச் சூடாகும். டயர் வெடிப்பதற்கு நேர்வழி அது. டிரெயிலருக்குப் பழைய டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயர் போதும் என்பது வாடகைத் தொழிலில் பொதுக் கருத்து. பெரும்பாலான நாள் நிற்கிற வண்டிக்குப் புது டயர் எதற்கு என்பார்கள். வெயிலில் நிற்பதாலேயே ரப்பர் வெடிப்பு விடுகிறது என்பதால் நான் புது டயர்தான் போடுகிறேன், நிற்கும் நாளில் கோணி போட்டு மூடுகிறேன்.

டிரெயிலரின் சமநிலைக்கு வருகிறேன். வெயிலுக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும் இதில்தான் உயிர் இருக்கிறது. இணைப்புக் கொண்டையின் மேல் டிரெயிலர் எடையில் பத்து சதவீதமாவது அழுத்த வேண்டும். எனக்கு அது 200 கிலோ. குறைந்தால் இறக்கத்தில் பின்பகுதி பாம்பாக ஆடும், வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். எங்கள் டிரெயிலரைக் கட்டித் தந்த பட்டறையில் ஜெனரேட்டர் பெட்டியைப் பார்வைக்கு நடுவாக வைத்துப் போல்ட் போட்டுவிட்டார்கள். ஜெனரேட்டரில் என்ஜின் பக்கம் கனம், ஆல்டர்னேட்டர் பக்கம் லேசு. பார்வைக்கு நடு என்பது எடைக்கு நடு அன்று. எடை மேடையில் டிரெயிலரின் முன்னால் ஊன்றும் சிறு சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தபோது நூறு கிலோகூட வரவில்லை. பெட்டியை ஒரு சாண் முன்னே தள்ளி மறுபடி துளை போட்டோம். அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருந்த ஆட்டம் அதோடு நின்றது.

எடை விஷயத்தில் இன்னொரு சபலம் மாநில எல்லை தருவது. தமிழ்நாட்டைவிட ஆந்திரத்தில் டீசல் விலை அதிகம். எனவே குடியாத்தத்தில் வேலை முடிந்ததும் வண்டி டேங்கையும் ஜெனரேட்டர் டேங்கையும் நிரப்பிக்கொண்டு ஏற வேண்டும் என்று கை துறுதுறுக்கும். ஜெனரேட்டர் டேங்கில் 150 லிட்டர் என்றால் ஏறத்தாழ 125 கிலோ கூடுதல் பாரம். அதுவும் அலை மோதும் பாரம். வண்டி டேங்கை மட்டும் நிரப்புகிறேன். அதற்கு வேறு காரணமும் உண்டு. இன்ஜெக்டருக்குப் போன டீசலில் மிச்சம் சூடாகித்தான் டேங்குக்குத் திரும்புகிறது. கால் டேங்கோடு ஏறினால் அந்தச் சூடு சிறிது டீசலிலேயே சேர்ந்துகொண்டு போகும். நிறைய இருந்தால் பரவிவிடும்.

மைலேஜ் கேட்பவர்களுக்கு: பாரமில்லாமல் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 12, 13. டிரெயிலரோடு சமவெளியில் 8 அல்லது 9. மலைப்பாதையும் சேர்ந்தால் 7. வாடகையை 7 என்று வைத்தே பேசுங்கள்.

இறக்கம். மேலிருந்து கீழே போகும்போது என்ஜின் குளிர்ந்துகொண்டே போகும், பிரேக் சூடாகிக்கொண்டே போகும். டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜின்போலக் காற்றை அடைக்கும் தடுக்கு வேலை செய்வதில்லை. அதனால் ஆக்சிலரேட்டரை விட்டால் கிடைக்கும் இழுபிடிப்பு குறைவு. லாரிகளில் இருக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இந்த அளவு வண்டிகளில் இல்லை. ஆகவே இறங்கத் தொடங்கும் முன்பே இரண்டாம் கியர். டிரெயிலரில் இருப்பது தள்ளுபிரேக்: டிரெயிலர் வண்டியை முன்னோக்கித் தள்ளும்போது தானாகப் பிடிக்கும். சமவெளியில் அருமையான ஏற்பாடு. நீண்ட இறக்கத்தில் அது இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் இடைவிடாமல் பிடித்துக்கொண்டும் இருக்கும். டிரம் சூடாகி வாசனை வரும். மொகிலியில் இறங்கும்போது பாதியில் நிறுத்திக் கையை அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பேன், தொடமாட்டேன். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கும் வழக்கம் லாரிக்காரர்களிடம் இருக்கிறது. சூடான இரும்பில் ஊற்றினால் விரிசல் விடும். காற்றில் ஆறவிடுவதே நல்லது. பிரேக் ஆயிலை ஆண்டுக்கொருமுறை மாற்றுகிறேன். டாட் 3 வகை, புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்த பிறகு அது 140க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, 155. நான் டாட் 4க்கு மாறிவிட்டேன், வண்டியின் கையேடும் அதை அனுமதிக்கிறது.

இரவில் போகலாமே என்று கேட்பீர்கள். பலமநேருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவிலுள்ள காடு கவுண்டின்யா சரணாலயம்; யானைகள் வாழும் இடம். இருட்டில் வளைவு திரும்பியதும் சாலையில் யானை நின்றால், டிரெயிலரோடு பின்னால் வரவும் முடியாது, திருப்பவும் முடியாது. அதனால் கீழேயிருந்து விடிந்ததும் கிளம்பி, எட்டு மணிக்குள் மலையேறிவிடுவது என்பதே எங்கள் சமரசம். திருவிழா முடிந்த மறுநாள் விடியலில் ஆட்களை எழுப்புவதுதான் இதில் கடினமான பகுதி. தூக்கம் போதாத ஓட்டுநரை வெயிலுக்காக அவசரப்படுத்துவதில்லை. அப்படிப்பட்ட நாளில் மாலை நான்கரைக்குக் கிளம்புகிறோம், காற்று ஏறக்குறைய அதே சூட்டில் இருந்தாலும் நேர்வெயில் சாய்ந்திருக்கும், வெளிச்சம் மிச்சமிருக்கும்.

தம்பி 2023ல் பி.எஸ்.6 பிக்கப் வாங்கினான், ஆட்டோமேட்டிக். அதே டிரெயிலரை அதிலும் இழுத்துப் பார்த்தோம். இழுவை தாராளம், என் வண்டி இரண்டாம் கியரில் உறுமும் இடத்தில் அது பேசிக்கொண்டே ஏறுகிறது. ஆனால் பார்க்க வேண்டிய எண்கள் கூடிவிட்டன. கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே சக்தி கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வழுக்கும்போது கியர் ஆயில் சூடாகும். கொண்டை ஊசி வளைவுகளில் அதுவே முதலில் ஏறுகிறது. கையால் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு மாற்றி இரண்டில் நிறுத்திவைத்தால் அடங்குகிறது. புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, நிறைந்ததும் 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் கரியை எரித்துக்கொள்ளும். பாரம் இழுக்கும் வண்டிக்கு இது ஒருவகையில் நல்லது, புகை எப்போதும் சூடாக இருப்பதால் கரி அதிகம் சேர்வதில்லை. ஆனால் எரிப்பு நடக்கும் நேரத்தில் காய்ந்த புல் மேல் நிறுத்தக் கூடாது. ஜாத்திரை மைதானத்தில் நிறுத்தக் கிடைக்கும் இடமெல்லாம் காய்ந்த புல்தான். புகையைச் சுத்தப்படுத்த யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டி வைத்திருப்பவர்கள் அந்தக் கேனைத் தகரக் கொட்டகையில் அடுக்க வேண்டாம். 25 டிகிரியில் ஒன்றரை ஆண்டு கெடாமலிருக்கும் சரக்கு 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும்.

இந்த வகை வண்டியை வாங்கலாமா என்றால், மாதத்தில் சில நாள் இழுத்து மற்ற நாளில் கேபிளும் விளக்குக் கம்பங்களும் ஆட்களும் ஏற்றுகிற என்னைப் போன்றவர்களுக்கு வாங்கலாம். தினமும் இழுப்பவர்களுக்குச் சொல்லமாட்டேன். நான்கு சக்கர இயக்கமும் அதன் தாழ்கியரும் இருக்கும் மாடலையே வாங்குங்கள். கூடுதல் விலை கிளட்ச்சில் திரும்பி வந்துவிடும். ஏரிக்கரைக் கோவில் மேட்டில் டிரெயிலரைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்தும் வேலையை, தரை மண்ணாக இருந்தால், தாழ்கியரில் கிளட்ச்சை நசுக்காமல் செய்யலாம். டிரெயிலருக்குத் தனிப் பதிவும் தனிக் காப்பீடும் எடுத்துவிடுங்கள், எல்லையில் ஒவ்வொரு முறையும் பேசிக்கொண்டு நிற்க வேண்டாம்.

திருப்பதியிலிருந்து இப்போது 125 கே.வி.ஏ. கேட்கிறார்கள். அது டிரெயிலரோடு மூன்று டன்னை நெருங்கும். வாடகையை ஒத்துக்கொண்டேன், ஏற்றிப் போக லாரிக்குச் சொல்லியிருக்கிறேன்.